ஒரே ஒரு விசை



பள்ளி வேலைகளின் சுமையால் சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. பாடத்திட்டம், புறப்பாட நடவடிக்கை, கூட்டம் என்று நாள்கள் ஓடிவிட்டன. இன்று எழுதப்போவது பாடநூலைப் பற்றியன்று. ஒரு கணினி விளையாட்டைப் பற்றி. "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில், ஆறாம் ஆண்டை முடித்திருந்த என் மகன், வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியைத் தூசு தட்டி எடுத்தான். புதிய விளையாட்டுகள் எவையும் அதில் ஓடா. எனவே அதில் ஓடக்கூடிய ஒன்றைத் தானே இணையத்தில் தேடிப் பிடித்துக்கொண்டான். அதன் பெயர் நெட்ஹேக். மூன்று வாரம் மாலை வேளைகளில் அதனுடனேயே அமர்ந்திருந்தான். நான் கடந்து செல்லும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்ப்பேன். படம் இல்லை, இசை இல்லை. கறுப்புத் திரையில் கேள்விக்குறி, உணர்ச்சிக்குறி, மேற்கோள்குறி, புள்ளிகள், கோடுகள். நிறுத்தக்குறிப் பயிற்சித்தாளை யாரோ கொட்டிக் கவிழ்த்ததுபோல் இருந்தது. இதில் என்ன இன்பம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஓரிரவு மணி பத்தரை. மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு பயணம் புறப்பட வேண்டும். மூன்று முறை அழைத்துவிட்டேன்.

"இருங்கப்பா, யோசிக்கிறேன்" என்றான்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போக வேண்டிய பக்கம் போக வேண்டியதுதானே!" என்று கூறிக்கொண்டே, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அம்புக்குறி விசை ஒன்றை அழுத்தினேன். ஒரே ஒரு முறை.

திரையின் மேற்பகுதியில் ஆங்கில வரிகள் சில தோன்றின. மகன் எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டே வந்தான். இறுதியில் குறிகளாலேயே வரையப்பட்ட ஒரு கல்லறை தோன்றியது. அதன்மேல் ஏதோ ஒரு பெயர் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. அவன் மடிக்கணினியை மெல்ல மூடினான். "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கச் சென்றான்.

அழுதிருந்தால் திட்டியிருப்பேன். சண்டையிட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அந்தப் "பரவாயில்லப்பா" என்னை உறங்கவிடவில்லை. அதன்பின் அவன் அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. பள்ளி திறந்தது, முதலாம் படிவத்துக்குச் சென்றான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

நான் எதை அழித்தேன் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இரவில் எல்லாரும் உறங்கிய பிறகு அந்த மடிக்கணினியைத் திறந்தேன்.

நெட்ஹேக் முதன்முதலில் வெளிவந்தது 1987ஆம் ஆண்டு. அதற்கும் ஒரு குலவரலாறு உண்டு. 1980 அளவில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் 'ரோக்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். பிறகு கென் ஆர்னால்ட் அவர்களோடு சேர்ந்தார். அதைப் பார்த்து, ஜே ஃபென்லாசன் என்னும் மாணவர் தம் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து 'ஹேக்' என்பதை எழுதினார். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எழுதியது என்பதை ஓர் ஆசிரியனாக வியப்போடு குறித்துக்கொண்டேன். அந்த ஹேக், வலையமைப்பின் வழியாகப் பலர் கைபட்டு வளர்ந்தபோது, மைக் ஸ்டீபன்சன் என்பவரின் பொறுப்பில் நெட்ஹேக் ஆனது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

கதை எளிது. பூமிக்கடியில் நிலை நிலையாக இறங்கும் ஒரு பாதாளம். அதன் ஆழத்திலிருந்து 'யெண்டோரின் தாயத்து' என்பதை மீட்டு வர வேண்டும். நம் வீரன் மின்னஞ்சல் முகவரியில் வரும் @ என்னும் குறி. உணர்ச்சிக்குறி என்றால் மருந்துக்குப்பி. கேள்விக்குறி என்றால் மந்திரச்சுருள். மேற்கோள்குறி தாயத்து. விழுக்காட்டுக்குறி உணவு. சாய்கோடு மந்திரக்கோல். சமக்குறி மோதிரம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் பேரெழுத்துகளும் விலங்குகள், பூதங்கள். இருபது ஆண்டுகளாக நிறுத்தக்குறி கற்பிக்கும் எனக்கு அவற்றைப் புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்தது.

முதலில் நான் கற்ற பாடம்: இங்கே எந்தப் பொருளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குப்பியின் நிறம்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. இந்த ஆட்டத்தில் காயம் ஆற்றிய சிவப்பு மருந்து அடுத்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கும். ஒவ்வொரு முறையும் நிறங்களும் தன்மைகளும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகின்றன. சுருள்களின்மேல் பொருளற்ற சொற்கள் எழுதப்பட்டிருக்கும். படித்துப் பார்த்தால்தான் நன்மையா தீமையா என்று தெரியும். அனுபவசாலிகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பொருளைக் கடைக்காரரிடம் காட்டி விலை கேட்பார்கள். விலையைக் கொண்டு இன்னதாக இருக்கலாம் என்று கணிப்பார்கள். பொருளைத் தரையில் வைத்துவிட்டு, உடன்வரும் வளர்ப்பு நாயைக் கவனிப்பார்கள். சபிக்கப்பட்ட பொருளின்மேல் நாய் தயங்கித்தான் கால் வைக்கும். அறியாத பொருளை அறிந்தவன்போல் உடனே வாயில் ஊற்றிக்கொள்பவன் அதிக நாள் வாழ்வதில்லை. என் முதல் மூன்று வீரர்கள் அதற்குச் சான்று.

அடுத்தது பொறிகள். நடக்கும் தரையில் அவை கண்ணுக்குத் தெரியா. அம்பு பாயும் பொறி, காலைக் கவ்விப் பிடிக்கும் கரடிப்பொறி, தூக்கப்புகை, குழி, கூர்முள் பதித்த குழி, கீழ்நிலைக்குத் தள்ளிவிடும் கதவு, வேறெங்கோ தூக்கியெறியும் மாயப்பொறி எனப் பல. மிதித்தபின்தான் அவ்விடத்தில் குறி தோன்றும். மிதிக்காமல் அறிய ஒரு வழி, நின்ற இடத்தில் நின்று தேடுவது. அதற்கென ஒரு விசை உண்டு. அதை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. பத்து முறை, பதினைந்து முறை பொறுமையாக அழுத்தினால் மறைந்திருந்த பொறி தெரியும். சுவர் என்று நினைத்தது கதவு என்று புலப்படும். நான் தேடாமல் ஓடினேன். வழியே இல்லை என்று அலுத்துப்போய் ஓர் ஆட்டத்தைக் கைவிட்டேன். வழி சுவரில்தான் இருந்தது, பிற்பாடுதான் அறிந்தேன்.

தடைகளும் உண்டு. பாறையைத் தள்ளலாம், இழுக்க முடியாது. 1982இல் ஜப்பானில் வெளிவந்த 'சொக்கோபான்' என்னும் புதிர்விளையாட்டு இதற்குள் ஒரு தனிக்கிளையாக வைக்கப்பட்டுள்ளது. நான்கு நிலைகள். பாறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் குழிகளை நிரப்பி வழி உண்டாக்க வேண்டும். ஒரு பாறையை மூலையில் தள்ளிவிட்டால் அது அங்கேயேதான். முடிவில் கிடைக்கும் பரிசு ஒன்று, அளவுக்கு மீறிச் சுமையைத் தாங்கும் மந்திரப்பை. அல்லது எதிரி வீசும் கதிரைத் திருப்பியனுப்பும் தாயத்து. அந்தப் பையிலும் ஆபத்து உண்டு. மந்திரசக்தியை நீக்கும் கோலை அறியாமல் அதனுள் போட்டால் பை வெடித்து, உள்ளிருந்த அனைத்தும் அழிந்துபோகும்.

பசியும் ஒரு தடையே. கொன்ற விலங்கை உடனே உண்ணலாம். ஐம்பது நகர்வுகளுக்கு மேல் கிடந்த இறைச்சி நஞ்சாகியிருக்கலாம். வயிறு நிறைந்தபின்னும் உண்டால் மூச்சடைத்து இறக்க நேரிடும். பசியால் மயங்கும் நிலையில் கடவுளை வேண்டினால் அருள் கிடைக்கும். ஆனால் தேவையில்லாமலோ, மிக விரைவில் மீண்டுமோ வேண்டினால் சினமே கிடைக்கும்.

காக்கட்ரைஸ் என்றொரு பிராணி. கோழியும் பாம்பும் கலந்த ஐரோப்பியக் கற்பனை. வெறுங்கையால் தொட்டால் அக்கணமே கல்லாகிவிடுவோம். கையுறை அணிந்தவன் அதன் உடலையே ஆயுதமாக ஏந்தலாம்; எதிரிகள் கல்லாவர். ஆனால் அதை ஏந்திக்கொண்டு ஒரு குழியில் விழுந்தால், விழும் வேகத்தில் அது நம் உடலில் பட, நாமே கல்லாகிவிடுவோம். வலிமை கையில் இருக்கும்போதுதான் காலடியை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு விதி உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஓர் உயிர்தான். பாதியில் நிறுத்திச் சேமிக்கலாம். ஆனால் மீண்டும் திறந்தவுடன் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். இறந்தபின் திரும்பிச் சென்று திருத்திக்கொள்ள வழியில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் அன்றிரவு நான் செய்தது எனக்கு விளங்கியது. திரையில் நீல நிறத்தில் ஓர் எழுத்து இருந்தது. அது 'மிதக்கும் கண்'. எவரையும் அதுவாகத் தாக்காது. ஆமையினும் மெதுவாக நகரும். அதன் பக்கமாக அம்புக்குறியை அழுத்தினால், வீரன் அதைத் தாக்குகிறான் என்று பொருள். தாக்கியவனை அதன் பார்வை அசையாமல் உறையவைத்துவிடும். அந்த நேரத்தில் மூன்று நரிகள் வந்திருக்கின்றன. வழக்கமாக ஓரடிக்கு ஒன்று சாகும் நரிகள். மூன்று வாரம் வளர்ந்த வீரன், சொக்கோபானின் நான்கு நிலைகளையும் கடந்து மந்திரப்பையோடு வந்தவன், கையைக்கூடத் தூக்க முடியாமல் நரிகளால் கடிபட்டே மாண்டிருக்கிறான். மகன் அன்று யோசித்துக்கொண்டிருந்தது, அந்தக் கண்ணைச் சுற்றிப் போவது எப்படி என்றுதான்.

"பதறாத காரியம் சிதறாது" என்னும் பழமொழியை நான் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கிறேன். பொருளை மனனம் செய்யச் சொல்கிறேன். எழுதாதவர்களைப் பத்து முறை எழுதச் சொல்கிறேன்.

என் அப்பா பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வார். விடுமுறையில் நானும் உடன் செல்வதுண்டு. ஈரப்புல்லில் பாம்பு இருக்கும், குழி இருக்கும். "கால வைக்கிறதுக்கு முன்னால கண்ண வைடா" என்பார். பழமொழி எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் 2022இல் காலமானார். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தாவோடுதான் அவன் உறங்குவான்.

நான் தொடர்ந்து ஆடினேன். தூசியில் விரலால் 'எல்பெரெத்' என்று எழுதினால் பெரும்பாலான பூதங்கள் அஞ்சி விலகும் என்று கற்றேன். அது டோல்கீனின் கதைகளிலிருந்து எடுக்கப்பட்ட பெயர். அதன்மேல் நின்றுகொண்டு நாம் சண்டையிட்டால் எழுத்து அழிந்துவிடும். என் மகனுக்கு விஜயதசமியன்று அரிசியில் முதல் எழுத்தை எழுதவைத்த அப்பாவின் விரல் நினைவுக்கு வந்தது. இறந்தேன், மீண்டும் தொடங்கினேன். பத்தொன்பதாவது வீரன் ஏழாம் நிலையை அடைந்தான்.

புள்ளிகளால் நிறைந்த தரை. அதில் ஓரிடம் மட்டும் புள்ளியின்றி வெறுமையாக இருந்தது. சற்றுத் தொலைவில் ஒரு நீல எழுத்து. எதிரே நரிகள் மூன்று. நரிகளை என் நாயும் நானும் முடித்துவிட்டோம். பின்னர்தான் அந்த வெற்றிடம் உறுத்தியது. ஒரு குறி இன்னதென அறிய அரைப்புள்ளி விசையை அழுத்தி அவ்விடத்தைச் சுட்ட வேண்டும். சுட்டினேன்.

அது ஓர் ஆவி என்று திரை சொன்னது. யாருடைய ஆவி என்றும் சொன்னது. ஆங்கில எழுத்துகளில் என் அப்பாவின் பெயர்.

இதற்கு மாயம் எதுவும் காரணமில்லை. வீரன் ஒருவன் இறக்கும்போது, அந்த நிலை அப்படியே சில வேளைகளில் கணினியில் சேமிக்கப்படும். ஆட்டக்காரர்கள் அதனை 'எலும்புக் கோப்பு' என்பர். அதே கணினியில் பிறகு ஆடுபவர் அந்நிலையை அடைந்தால், மூன்றில் ஒரு வாய்ப்பில் பழைய நிலையே எதிர்ப்படும். இறந்தவனின் பொருள்கள் அங்கே குவிந்திருக்கும், பெரும்பாலானவை சபிக்கப்பட்டிருக்கும். அவனைக் கொன்றவையும் அங்கேயே இருக்கும். அவன் பெயரைத் தாங்கிய ஆவியும் இருக்கும். விதி இவ்வளவுதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தனியே அமர்ந்து அந்தப் பெயரைப் பார்த்தபோது, விதி எதுவும் என் நினைவில் இல்லை.

நான் எந்த விசையையும் தொடவில்லை. மகனின் அறைக் கதவைத் தட்டினேன். அவனும் உறங்கியிருக்கவில்லை.

"ஏழாவது நிலைக்கு வந்துட்டீங்களாப்பா?" என்று வியந்தவன், திரையைப் பார்த்ததும் அமைதியானான். பிறகு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான்.

"தாத்தா பெயரை ஏன் வைத்தாய்?" என்று கேட்டேன்.

"தாத்தாதானே இருட்டுல நடந்து பழகினவரு" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "அன்றைக்கு அப்பா செய்தது தவறு. நீ யோசிக்கிறேன் என்று சொன்னாய், நான் கேட்கவில்லை" என்றேன். மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் நான், என் மகனிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதன்முறை.

"தெரியும்பா" என்றான். சற்று நேரம் கழித்து, "அடிக்க வேண்டாம்பா. ஆவி ரொம்ப மெதுவாத்தான் வரும். நாம நாலு அடி வைக்கிறதுக்குள்ள அது ஓரடிதான் வைக்கும். சுத்திப் போயிடலாம்" என்றான்.

"அந்தப் பை?"

"சபிச்சிருந்தா உள்ள போடுறதெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போகும். வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

அவன் சொல்லச் சொல்ல நான் விசைகளை அழுத்தினேன். நீலக் கண்ணை ஒட்டாமல் ஒரு வளைவு; ஆவியை விட்டு விலகி ஒரு வளைவு. ஒவ்வோர் அடிக்கும் முன் அவன் யோசித்தான், நான் காத்திருந்தேன். கீழே செல்லும் படிக்கட்டை அடைந்தபோது இருவரும் ஒருமுறை அந்த வெற்றிடத்தைப் பார்த்தோம். எலும்புக் கோப்பு ஒருமுறை திறக்கப்பட்டால் கணினியிலிருந்து நீங்கிவிடும் என்று அவன் சொன்னான். இனி வேறெந்த ஆட்டத்திலும் அந்த நிலை வாராது.

என் வீரன் மறுவாரமே கெட்ட இறைச்சியைத் தின்று மாண்டான். அதற்கு மகன் வயிறு குலுங்கச் சிரித்தான். இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் இருவரும் சேர்ந்து ஆடுகிறோம். விசைப்பலகை அவனிடம், வாய் மட்டும் என்னிடம். தாயத்து இருக்கும் ஆழத்தை நாங்கள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். உரக்க வாசிக்கும்போது, நீண்ட சொல் வந்தால் நின்றுவிடுவாள். இதுவரை அவள் நின்றவுடன் அச்சொல்லை நானே சொல்லிவிடுவேன். நேரம் மிச்சம், வகுப்பும் நகரும். உதவி என்றே நினைத்திருந்தேன். சென்ற வாரம் அவள் நின்றாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மற்ற மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு அவள் அச்சொல்லை இரண்டாகப் பிரித்து, தவறில்லாமல் தானே வாசித்தாள்.